மறைக்கும் உலோகம்: ஆங்கிலப் படுக்கையறையில் மரமும் பித்தளையும், 1720–1914

1. ஆய்வின் வினா

பழைய பித்தளைக் கட்டில் வாங்கப் போகிறவர்களில் பலர் கையோடு ஒரு காந்தத்தைக் கொண்டுபோகிறார்கள். குழாயில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, ஆகவே கட்டில் போலி என்பது அவர்கள் கணக்கு. பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அசல் கட்டில் என்றால் உள்ளும் புறமும் ஒரே பித்தளையாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் சரிதானா? இந்த எளிய கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் ஆங்கிலப் படுக்கையறையின் இருநூறு ஆண்டு வரலாறு விரிகிறது.

மரமும் பித்தளையும் அந்த அறையில் மாறி மாறி முன்வரிசைக்கு வந்தன. 18ஆம் நூற்றாண்டில் மரக் கட்டிலின் ஓர் ஓரத்தில் சிறு தகடாகப் பித்தளை நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டில் முழுவதையும் பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கைப்பிடியாகவும் குமிழாகவும் சுருங்கியது. இதை ரசனை மாற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம். பொருளைக் கழற்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எல்லாக் கட்டங்களிலும் பித்தளை ஒரே வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது: தனக்குப் பின்னால் இருக்கும் ஒன்றை மறைப்பது. அந்தப் பணியின் வரலாறாக இந்த வளர்ச்சியைப் படிக்க இக்கட்டுரை முயல்கிறது.

2. துணியின் காலம்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலச் செல்வர் வீட்டுக் கட்டிலில் விலை கூடிய பகுதி திரைச்சீலைதான். நான்கு கால்களும் மேற்கூரையும் கொண்ட சட்டகத்தில் பட்டும் வெல்வெட்டும் தொங்கின. மரம் பெரும்பாலும் துணியைத் தாங்கும் எலும்பாகவே இருந்தது. செதுக்கு வேலையை முன்னிறுத்திய கட்டில்களும் உண்டு. 1590களில் ஓக் மரத்தில் செய்யப்பட்டு, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 'வேர்' ஊர்ப் பெருங்கட்டில் அவற்றுள் புகழ்பெற்றது. மூன்று மீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்திலேயே பெயர் பெற்றுவிட்டது. ஆயினும் அது விடுதிக்கு வருவோர் வாய்பிளக்கச் செய்யப்பட்ட காட்சிப்பொருள். அந்தக் காலக் கட்டிலின் பொது இலக்கணம் அதுவன்று.

1721இல் இங்கிலாந்து இயற்றிய சட்டமொன்று அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை நீக்கியது. கப்பல் கட்டும் மரத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அந்த ஏற்பாட்டின் பலன் மரச்சாமான் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜமைக்கா மஹோகனி பெருமளவில் வந்திறங்கியது. அகலமான பலகை, எளிதில் வளையாத தன்மை, கூர்மையான செதுக்கலைத் தாங்கும் நெருக்கமான இழை, மெருகேற்றினால் வரும் ஆழ்ந்த சிவப்பு ஆகியவற்றால் மஹோகனி, துணிக்குப் பின்னால் நிற்க வேண்டிய மரமாக இல்லை. தாமஸ் சிப்பன்டேல் 1754இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலிலும், ஜார்ஜ் ஹெப்பிள்வைட் இறந்தபின் 1788இல் வெளிவந்த வழிகாட்டி நூலிலும் கட்டில்களுக்கும் கட்டில் கால்களுக்கும் தனி வரைபடங்கள் உண்டு.

அப்போதும் சிக்கனம் விடவில்லை. கால்மாட்டில் நின்ற இரு தூண்களும் கடைசலும் செதுக்கலுமாக மின்னின. தலைமாட்டுத் தூண்கள் பல கட்டில்களில் வெறும் சதுரக் கம்பங்கள். திரைக்குப் பின்னால் இருப்பதற்கு எதற்கு வேலைப்பாடு? பகட்டு என்பது கண்படும் பரப்பின் கலை என்பதைத் தச்சர்கள் அறிந்தே இருந்தார்கள்.

3. திருகை மூடிய தகடு

நான்கு கால் கட்டில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட பொருளன்று. வீடு மாறும்போதும், மூட்டைப்பூச்சிக்காகக் கழுவும்போதும் அதைப் பிரித்தாக வேண்டும். எனவே பக்கச் சட்டங்களைத் தூணோடு பசையிட்டு ஒட்டவில்லை. தூணைத் துளைத்துக்கொண்டு போகும் நீண்ட இரும்புத் திருகாணி, சட்டத்துக்குள் பதித்த மரையில் முறுக்கப்பட்டது. அதன் தலை தூணின் முகப்பிலேயே, செதுக்கலின் நடுவே, ஒரு குழிக்குள் அசிங்கமாகத் தெரிந்தது.

அந்தக் குழியை மூடத்தான் பித்தளை வந்தது. நீள்வட்டமாகவோ பூ வடிவிலோ வெட்டிய சிறு தகடு, மேல்முனையில் ஓர் ஆணியில் தொங்கும். விரலால் ஒதுக்கினால் திருகு தெரியும்; விட்டால் தானே விழுந்து மூடிக்கொள்ளும். இன்று பழைய கட்டில்களைச் சீரமைப்போர் இந்தத் தகடுகள் தொலைந்து போயிருப்பதையே அதிகம் காண்கிறார்கள். கட்டிலின் மிகச் சிறிய உறுப்பு இது. ஆனாலும் பின்னர் வரவிருந்த பெருங்கதை இதற்குள் சுருங்கிக் கிடக்கிறது: வலுவைத் தருவது இரும்பு, அழகைத் தருவது மேலே மூடிய பித்தளை.

இதே காலத்தில் இழுப்பறைகளின் கைப்பிடித் தகடு, சாவித்துளையின் உறை, கால்களில் பூட்டிய உருளைகள் என்று பித்தளை படுக்கையறையெங்கும் பரவியது. பிரான்சில் உலோகம் இன்னும் துணிச்சலாக வெளிப்பட்டது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள மேடம் ரெகாமியேயின் கட்டில் 1799 வாக்கில் ழாக்கோப் சகோதரர்கள் செய்தது. மஹோகனி மேல் பொன்முலாமிட்ட வெண்கல உருவங்களைப் பொருத்தி, உலோகத்தைச் சிற்பமாகவே காட்டியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் புல்லக் போன்றோர் மரத்தில் பித்தளைக் கோலங்களை இழைத்தனர். நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினாத் தீவில் அவருக்காகக் கட்டிய புதிய வீட்டுக்கும் சாமான்களை அனுப்பியவர் புல்லக்தான். இவை அரண்மனைக்கும் அதற்கு நிகரான வீடுகளுக்கும் உரிய வேலைகள். பித்தளையை நடுத்தர வீட்டுப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தது பர்மிங்காம்.

4. பர்மிங்காம்: உருக்கு, அச்சு, குழாய்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். துத்தநாகம் கொதித்து ஆவியாகும் வெப்பநிலை, அதைத் தாதுவிலிருந்து பிரிக்கத் தேவைப்படும் வெப்பநிலையைவிடக் குறைவு. ஆகவே அதைத் தனி உலோகமாகப் பிடிப்பது கடினம். ராஜஸ்தானின் ஜாவரில் வாலை வடித்துத் துத்தநாகம் எடுக்கும் முறை ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் முன்பே பெருந்தொழிலாக நடந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் 1738இல்தான் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை, செம்புத் துண்டுகளைத் துத்தநாகத் தாதுவோடும் கரியோடும் மூடிச் சூடாக்கும் பழைய முறையே வழக்கில் இருந்தது. அதில் செம்பு ஏற்கும் துத்தநாகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1781இல் ஜேம்ஸ் எமர்சன் இரு உலோகங்களையும் நேரே உருக்கிக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தபின் விகிதத்தை வேலைக்கேற்ப மாற்ற வழி பிறந்தது. அதே ஆண்டை ஒட்டி, பிரிஸ்டல் முதலிய ஊர்களின் விலைக்குக் கட்டுப்பட்டிருந்த பர்மிங்காம் தொழிலதிபர்கள் தங்களுக்கெனப் பித்தளைக் கம்பெனியொன்றைத் தொடங்கினர்.

இரண்டாவது மாற்றம் அச்சில், அதற்குச் சற்று முன்பே நிகழ்ந்தது. 1769இல் ஜான் பிக்கரிங், மெல்லிய தகட்டை இரும்பு அச்சில் வைத்து அறைந்து புடைப்பு உருவம் எழுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சவப்பெட்டியின் அலங்காரத் தகடுகளும் அவர் கருதிய பொருள்களுள் அடக்கம். வார்த்துச் செதுக்கிய கனத்த கைப்பிடித் தகட்டின் இடத்தைக் காகிதம்போன்ற மெல்லிய அச்சுத் தகடு பிடித்தது. உலோகம் குறைவு, கூலி குறைவு, உருவமோ கூர்மை. பர்மிங்காம் வணிகர்கள் இவற்றைப் படங்களாக அச்சிட்ட மாதிரிப் புத்தகங்களில் அனுப்பினார்கள். அந்தப் புத்தகங்களில் பொதுவாகச் செய்தவர் பெயர் இராது. பெயர் தெரிந்தால் வாங்குபவர் இடைத்தரகரைத் தாண்டி நேரே வந்துவிடுவார் என்ற அச்சம். இன்று பழைய பித்தளைப் பொருத்துகளுக்குச் செய்தவரைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் திணறுவதற்கு இந்தப் பழைய வணிகத் தந்திரமும் ஒரு காரணம்.

மூன்றாவது, குழாய். ஆர். டபிள்யூ. வின்ஃபீல்ட் என்பவர் பர்மிங்காமில் கேம்பிரிட்ஜ் தெருத் தொழிற்சாலையை நடத்தியவர். குழாய்களைக் கொண்டு உலோகக் கட்டில் செய்யும் முறைக்கு 1827இல் காப்புரிமை பெற்றார். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவரது நிறுவனத்தின் பித்தளைக் கட்டில்கள் நின்றன. வடிவம் மறுமலர்ச்சிக் கால மரக் கட்டிலினுடையது. தூண்களும் மேற்கூரையும் திரையும் மாறவில்லை. புதுப் பொருள் பழைய பொருளின் வேடத்தில் முதலில் மேடை ஏறியது.

5. பூச்சியும் காற்றும்

விலை மலிந்தது, செய்முறை கைகூடியது. ஆனால் மஹோகனியை விட்டுச் செல்வர்கள் ஏன் உலோகத்தில் படுக்க ஒப்பினார்கள்? முதல் காரணம் மூட்டைப்பூச்சி. 1730இலேயே ஜான் சௌத்தால் என்பவர் லண்டனில் மூட்டைப்பூச்சியைப் பற்றி மட்டும் தனி நூல் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி மேஹ்யூ லண்டன் தொழிலாளரைப் பேட்டி கண்டு எழுதிய பெருநூலில், அரசிக்கே மூட்டைப்பூச்சி ஒழிப்பாளராக இருந்த டிஃபின் நிறுவனத்தாரும் இடம்பெறுகின்றனர். உயர்குடியினர் வீடுகளே அவர்களது வாடிக்கை. பூச்சி ஏழைக் குடிசையைத் தேடி மட்டும் போகவில்லை. செதுக்கலின் இடுக்கு, திருகுக் குழி, திரையின் மடிப்பு என்று பகட்டான கட்டிலில்தான் அதற்கு ஒளிய இடம் அதிகம். முன்பு கண்ட பித்தளை மூடியின் பின்னால் இருந்த இருட்டும் அதில் சேர்த்திதான்.

இரண்டாவது காரணம் காற்று. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் குறிப்பு நூலில் நோயாளிக்கு ஏற்றது இரும்புக் கட்டில் என்றார். மெத்தைவரை காற்று நுழைய வேண்டும். கட்டிலைச் சுற்றித் தொங்கல் துணி கூடாது. அகலம் மூன்றரை அடிக்கு மிகக் கூடாது. நோய்க்கு மூலம் தேங்கிய கெட்ட காற்று என்பது அக்காலக் கருத்து. நோய்க்கிருமிக் கொள்கை அதற்குப் பின்னரே மருத்துவத்தில் வேரூன்றியது. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882இல். மூன்று வெவ்வேறு அச்சங்கள் அடுத்தடுத்து வந்தன. மூன்றுக்கும் கிடைத்த விடை ஒன்றே: இடுக்கில்லாத, துடைக்கக்கூடிய, திரையற்ற உலோகக் கட்டில். விளக்கம் பொய்த்த பின்னும் பொருள் நிலைத்ததற்கு இது நல்ல சான்று.

ஆனால் வெறும் இரும்புக் கட்டில் என்றால் மருத்துவமனை, படைமுகாம், ஏழையர் விடுதி நினைவுதான் வரும். வசதியுள்ள வீட்டுக்குத் தூய்மையும் வேண்டும், தரித்திரத்தின் சாயலும் கூடாது. அந்த இடைவெளியில் பித்தளை வந்து அமர்ந்தது.

6. உறைக்குள் இரும்பு

'பித்தளைக் கட்டில்' என்று விற்கப்பட்டவற்றுள் மிகுதியானவை உறையிட்ட குழாயால் ஆனவை. இரும்புக் குழாயின் மேல் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றி, இரண்டையும் சேர்த்து அச்சுத் துளை வழியே இழுப்பார்கள். தகடு இரும்பைக் கவ்விக்கொள்ளும். பாரத்தைத் தாங்கும் வலு இரும்பிடமும் நிறம் பித்தளையிடமும் இருந்தன. தூண் உச்சியில் இருக்கும் குமிழ்கள் பெரும்பாலும் அச்சில் அறைந்த இரண்டு ஓடுகளை இணைத்த வெற்றுருண்டைகள். கட்டிலின் இரு முனைகளையும் இணைக்கும் பக்கச் சட்டம் வெறும் கோண இரும்பு. மெத்தையும் விரிப்பும் அதை மூடிவிடும் என்பதால் அதற்குப் பித்தளை உறைகூடக் கிடையாது.

இணைப்பு முறையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வில்லியம் சர்ச் என்பவரின் காப்புரிமையை ஒட்டிய முறைப்படி, தூணில் வார்த்த குழிக்குள் சட்ட முனையின் ஆப்பு வடிவ நாக்கு மேலிருந்து இறங்கி இறுகும். திருகு வேண்டாம், சாவி வேண்டாம். சுத்தியலால் இரண்டு தட்டு போதும். குறுக்கே செல்லும் இரும்புக் கம்பிகளைச் சேர்க்க, கம்பிகள் சந்திக்கும் இடத்தில் அச்சைப் பூட்டி உருகிய இரும்பை ஊற்றினார்கள். அது உறைந்து பூவாகவோ இலையாகவோ நின்றது. காண்போருக்கு அலங்காரம், செய்தவருக்கோ அது மூட்டு. சார்லஸ் ஈஸ்ட்லேக் 1868இல் வெளியிட்ட இல்ல அலங்கார நூலில் இரும்புக் கட்டிலின் தூய்மையை ஏற்றுக்கொண்டு, இத்தகைய அலங்காரங்களைக் கடிந்தார். அந்தப் பூக்கள் இல்லாவிட்டால் கட்டில் பிரிந்து விழும் என்பது பட்டறைக்காரர் பக்கத்து நியாயம்.

பித்தளைக்கே ஒரு மறைப்பு தேவைப்பட்டது. காற்றுப்பட்டால் கறுக்கும், ஈரம்பட்டால் களிம்பேறும். எனவே அமிலத்தில் தோய்த்துக் கழுவி, மெருகிட்டு, சூடாக்கிய பரப்பின்மேல் சாராயத்தில் கரைத்த அரக்கைத் தூரிகையால் பூசினார்கள். அரக்கு இந்தியாவிலிருந்து போனது. மிர்சாப்பூர் அதன் முக்கிய உற்பத்தி மையம். பொன்னிறம் கூட்டுவதற்கு அந்தப் பூச்சில் மஞ்சளையும் கலப்பதுண்டு. பர்மிங்காமில் இந்தப் பூச்சு வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஆக, விக்டோரியா காலச் சீமாட்டி தன் கட்டிலில் கண்ட தங்க ஒளி, இரும்பின்மேல் பித்தளை, பித்தளையின்மேல் அரக்கு, அரக்கினுள் மஞ்சள் என்று அடுக்கடுக்காக எழுந்தது.

அந்த ஒளிக்குப் பின்னால் மறைந்தவற்றில் மனிதர்களும் உண்டு. பித்தளை வார்க்கும்போது துத்தநாகம் எரிந்து வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவர்களுக்கு இரவில் குளிர் நடுக்கமும் வியர்வையும் வரும். மருத்துவர் எட்வர்ட் ஹெட்லாம் கிரீன்ஹோ 1862இல் இந்தப் 'பித்தளை வார்ப்போர் காய்ச்சலை' விரித்து எழுதினார். 1872இல் பித்தளைத் தொழிலாளர் சங்கம் டபிள்யூ. ஜே. டேவிஸ் தலைமையில் உருவானது. கட்டில் தொழிலில் போட்டி முற்றி விலை சரிந்தபோது, 1891இல் உற்பத்தியாளர் ஈ. ஜே. ஸ்மித்தின் முயற்சியால் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். அடக்கவிலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. சங்கத்தார் கூட்டணியில் சேர்ந்த பட்டறைகளில் மட்டுமே வேலை செய்வர். விலை உயர்ந்தால் கூலியும் உயரும். பொருளாதார வரலாற்றில் 'பர்மிங்காம் கூட்டணிகள்' என்று பேசப்படும் இந்தப் பரிசோதனை கட்டில் தொழிலில் பிறந்து, 1900 வாக்கில் அங்கேயே உடைந்தது. ஆடம்பரமாகத் தோன்றிய பொருள் எவ்வளவு குறுகிய லாபத்தில் செய்யப்பட்டது என்பதை இந்தக் கூட்டணியின் தேவையே காட்டுகிறது.

7. அறையின் மறுபாதி

பித்தளைக் கட்டிலின் காலத்தில் மரம் படுக்கையறையைவிட்டு வெளியேறவில்லை. கட்டில் மட்டும் உலோகமாயிற்று. உடை அலமாரி, கண்ணாடி மேசை, சலவைக்கல் பதித்த கைகழுவும் மேசை, இழுப்பறைப் பெட்டி ஆகியவை மரத்திலேயே நின்றன. மேப்பிள், ஷூல்பிரெட், ஹீல் முதலிய லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலைக் கடைகள் இவற்றை ஒரே மரம், ஒரே வேலைப்பாடு கொண்ட தொகுதிகளாக விற்றன. மஹோகனி, வால்நட், சாட்டின்வுட் என்று மரத்துக்கேற்ப விலை. இங்கும் பல சாமான்களில் உயர்ந்த மரம் மேலே ஒட்டிய மெல்லிய ஏடுதான். உள்ளே மலிவான பைன். உறையிட்ட குழாயும் ஏடு ஒட்டிய பலகையும் ஒரே அறையில் எதிரெதிரே நின்ற உறவினர்கள். இந்த இரண்டையும் கண்ணுக்குள் ஒன்றாகச் சேர்த்தது பித்தளை: கட்டிலில் குமிழ், அலமாரியில் கைப்பிடி.

1884இல் தென் கென்சிங்டனில் நடந்த உலகச் சுகாதாரப் பொருட்காட்சியை ஒட்டி ராபர்ட் எடிஸ் எழுதிய நூல், இந்த மரப் பாதியைக் குறிவைத்தது. உயர்ந்த அலமாரியின் உச்சியில் யார் கையும் எட்டாமல் தூசி சேர்கிறது என்பது அவர் குறை. சுகாதாரம் கட்டிலைத் தாண்டி அறை முழுவதையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

இதே காலத்தில் பர்மிங்காம் கட்டில்கள் இந்தியா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளுக்குக் கப்பலேறின. பிரித்து அடுக்கினால் சிறு பொட்டலம், சேர்க்கச் சுத்தியல் போதும் என்பது ஏற்றுமதிக்கு வசதி. வெப்ப நாடுகளில் கறையான் அரிக்காது என்பதும், நான்கு மூலைக் கம்பிகளில் கொசுவலை கட்டலாம் என்பதும் கூடுதல் தகுதிகள். குளிரைத் தடுக்கத் திரை தாங்கிய நான்கு தூண்களுக்கு இங்கே கொசுவலையால் மறுவாழ்வு கிடைத்தது.

8. மரம் திரும்புகிறது

பித்தளைக் கட்டில் எல்லார் வீட்டுக்கும் வந்ததும், செல்வரின் கண் வேறு பக்கம் திரும்பியது. ஆம்ப்ரோஸ் ஹீல் 1893இல் தம் குடும்ப நிறுவனத்தில் சேர்ந்தார். இரும்பு, பித்தளைக் கட்டில்களை விற்று வளர்ந்த அந்தக் கடையிலிருந்தே 1898இல் எளிய ஓக் மரச் சாமான்களுக்கான விலைப்பட்டியலை வெளியிட்டார். கைவினை இயக்கத்தின் பாதிப்பில், செதுக்கலோ ஏடோ இன்றி மரத்தின் இழையையே அழகாக நிறுத்திய சாமான்கள் அவை. 1900 பாரிஸ் பொருட்காட்சியில் அவரது படுக்கையறைத் தொகுதி இடம்பெற்றது. திரும்பி வந்த மரக் கட்டில் சமமான தலைப்பலகையோடு, திரையின்றி, துடைக்க எளிதாக நின்றது. உலோகக் கட்டில் கற்பித்த சுகாதாரப் பாடத்தை அது படித்துவிட்டே வந்தது.

இன்னொன்றையும் அது உலோகத்திடமிருந்து பெற்றுக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி ஆங்கில மரக் கட்டில்கள் பலவற்றின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பக்கச் சட்டம் கோண இரும்பு. அதன் முனையில் சர்ச் வழிவந்த அதே ஆப்பு நாக்கு. தலைப்பலகையின் மரத்தில் திருகிய அதே வார்ப்பிரும்புக் குழி. 18ஆம் நூற்றாண்டில் இரும்புத் திருகைப் பித்தளை மூடியது. 19ஆம் நூற்றாண்டில் இரும்புக் குழாயைப் பித்தளை போர்த்தது. இப்போது அந்தப் பொறுப்பை ஓக் மரம் ஏற்றுக்கொண்டது. மூன்று காலத்திலும் கட்டிலைத் தாங்கி நின்றது இரும்பே.

9. முடிவுரை

1960களிலும் 70களிலும் விக்டோரியா காலப் பொருள்கள்மேல் புது மோகம் எழுந்தபோது பித்தளைக் கட்டிலும் பரணிலிருந்து இறங்கியது. அதன்பின் பழம்பொருள் சந்தை ஒரு தூய்மைவாதத்தை வளர்த்துக்கொண்டது. அதன் கருவிதான் தொடக்கத்தில் கண்ட காந்தம். அந்தக் கருவி இரும்பின்மேல் முலாம் பூசிய நேற்றைய கட்டிலையும், இரும்பின்மேல் உறையிட்டு இழுத்த 1880களின் கட்டிலையும் ஒரே தீர்ப்பில் தள்ளிவிடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: குழாயின் அறுபட்ட முனையில் தெரியும் உறையின் தடிப்பு, குமிழின் இரு ஓடுகள் சேரும் கோடு, சட்டம் இறங்கும் வார்ப்புக் குழி, இடுக்குகளில் மிஞ்சிய பழைய அரக்கின் மஞ்சள்.

ஆங்கிலப் படுக்கையறையின் மரமும் பித்தளையும், காட்டுவதற்கும் தாங்குவதற்கும் வெவ்வேறு பொருள்களை வைத்து, செலவைக் கண்படும் பரப்பில் மட்டும் குவித்த தொழில்நுட்பத்தின் எச்சங்கள். அதை ஏமாற்று என்று அக்காலத்துப் பட்டறை கருதியதாகச் சொல்ல இடமில்லை. இரும்பும் பித்தளையும் சேர்ந்ததுதான் அங்கே பித்தளைக் கட்டில். ஆகவே பல பழைய கட்டில்களில் காந்தம் ஒட்டினால் அதை வைத்தே கட்டிலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பர்மிங்காம் வேலைப்பாட்டின் முத்திரையாகவும் அது இருக்கக்கூடும்.